பாதிச் சவரம்

வாசலில் நின்று, "இன்னும் எத்தனை பேர்ண்ணே?" என்று யாராவது கேட்டால் சலூன்காரர் திரும்பமாட்டார். சுவர்க் கண்ணாடியைப் பார்த்தே, "ரெண்டு தலை, ஒரு தாடி. உக்காருங்க சார்" என்பார். குசலம், கிண்டல், சண்டை எல்லாம் கண்ணாடி வழியாகத்தான். வீட்டிலும் அதே கதை. பீரோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அவர் பேச, "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. என் மூஞ்சியை ஒருநாளாவது நேரா பாத்திருப்பீங்களா?" என்று மனைவி முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார்.

வாடிக்கைக்காரர்களின் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. ரெட்டைச்சுழி, பூனைமுடி, அவசரக் கிருதா, இப்படித்தான் கணக்கு. குழாய் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவருக்குப் புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. அவர் வெட்டுப்புருவம். தலையைச் சாய்க்கச் சொல்லவும் சலூன்காரர் வாய் திறக்கமாட்டார்; காதடியில் மோதிர விரலை வைப்பார், பழகினவர்களுக்குப் புரியும்.

ஒருநாள் காலை பதினொரு மணி. வெட்டுப்புருவம் மட்டும் நாற்காலியில் பாதிச் சவரத்தில் இருந்தார். பக்கத்துத் தெருவில் பாத்திரக்கடை முதலாளியை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். ஊரே கூச்சலிட்டுக்கொண்டு ஓடியது. சோப்பு நுரையோடு இவரும் எழப் பார்த்தார். சலூன்காரர் தோளை அமுக்கி உட்காரவைத்தார். "கொலை எங்கயும் போயிடாது சார். நீங்க அசைஞ்சா உங்க காதுதான் போயிடும்!"

இரண்டு நாள் கழித்து போலீஸ் பிடித்தது அந்தக் குழாய்க்காரரையே. முதலாளியோடு முந்தின வாரம் அவருக்கு வாய்த்தகராறு. போதாததற்குப் பழக்கடைக்காரர் வேறு, "இதே மூஞ்சிதான் ஓடுச்சு. ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று சத்தியம் செய்துவிட்டார். ஓடவில்லை, என் நாற்காலியில்தான் இருந்தார் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள் சலூன்காரர். அவர் சொல் எடுபடாவிட்டால் தூக்குதான்.

கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீல், "எதிர்க் கூண்டுல நிக்கிறவரைத் தெரியுதா?" என்றார். நேருக்கு நேர் பார்த்த சலூன்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். வகிடு இடம் மாறியிருந்தது. தழும்பு அடுத்த புருவத்துக்குப் போயிருந்தது. "அவர் மாதிரிதான் இருக்கு... ஆனா வெட்டு இந்தப் பக்கம்ல இருக்கணும்?" என்று உளறிவிட்டார். கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. "அண்ணே, நல்லாப் பாருங்கண்ணே!" என்று குழாய்க்காரரின் மனைவி கதறினார். அடப்பாவி, ஒரு உயிரை நானே பிடித்துக் கொடுக்கிறேனே என்று சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் உறைத்தது. ஆறு வருஷமாக அந்த முகத்தை அவர் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறார். அதில் இடது வலதாகிவிடும்!

"ஐயா, முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு வேணும்." ஒரு பெண் வக்கீலின் கைப்பையிலிருந்து சின்னதாக ஒன்று வந்தது. எதிர்க் கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அதைத் தூக்கிப் பிடித்தார். வகிடும் தழும்பும் அதனதன் இடத்துக்கு வந்து சேர்ந்தன. "அட, நம்ம வெட்டுப்புருவம்!"

"கண்ணாடியில பாத்தாதான் ஆள் தெரியுமோ?" என்று அரசு வக்கீல் மடக்கினார்.

"உங்க மூஞ்சியை நீங்க எதுல சார் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

நீதிபதி சிரிப்பைக் கைக்குட்டைக்குள் இருமினார். வக்கீல் விடவில்லை. கூண்டில் நிற்பது ஒரே ஆள், அவரைக் காட்ட யாரால்தான் முடியாது, இந்தாள் அந்தக் கடையில் கால் வைத்ததே கிடையாது, எல்லாம் ஜோடித்த கதை என்று பொரிந்து தள்ளினார்.

"ஐயா, நான் அவர் பின்னாடி போய் நின்னுக்கலாமா?" என்றார் சலூன்காரர். நீதிபதி தலையசைத்தார்.

ஏழு மாத ஜெயில் தாடியோடு குழாய்க்காரர் விறைத்து நின்றிருந்தார். சலூன்காரர் அவர் பின்னால் போய் நின்றார். அவருடைய வலது காதுக்குக் கீழே மோதிர விரலை மட்டும் மெல்ல வைத்தார். தலை தானாக இடப்பக்கம் சாய்ந்தது. கண்கள் மூடிக்கொண்டன. தாடிக்குள், நாக்கு கன்னத்தை உள்ளிருந்து உப்பலாகத் தள்ளிக் கொடுத்தது. சலூன்காரரின் வலது கை, இல்லாத கத்தியைப் பிடித்தபடி அந்தக் கன்னத்தருகே போய் நின்றது.