கடைசி இடத்துக்குப் போட்டி

என் அக்கா அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தும் நான்கூட அவள் முன்னால் கப்சிப்.

அங்கே மொத்தம் நான்கு பெண்கள். படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். முகத்தோடு முகம் வரும் அந்த நேரத்தில் ஊர்வம்பெல்லாம் கைமாறிவிடும்.

பிறகு அரசாங்கம் சலவைக்கூடத்தை ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. 'இனி நீங்கள் ஊழியர்கள் இல்லை, தொழில்முனைவோர்' என்றார் புது மேனேஜர். ஆளுக்கொரு அட்டை. மடித்த விரிப்பை அலமாரியில் வைக்கும்போது இருவரில் யாராவது ஒருத்தி தன் அட்டையை மிஷினில் தேய்க்க வேண்டும்; அந்த விரிப்பு அவள் கணக்கில் மட்டும் ஏறும். மாத முடிவில் கணக்கு யாருக்குக் குறைவோ அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று மாலை வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா கேட்டாள். "இதுக்கு உன் பாடத்துல என்னடா பேரு?"

"நவதாராளவாதம்."

"வாயில நுழையற மாதிரி சொல்லு."

"பழைய தாராளவாதி, 'அரசாங்கமே, என் வியாபாரத்துல தலையிடாதே'ம்பான். சோஷலிஸ்ட், 'சலவைக்கூடம் எல்லாருக்கும் பொது'ம்பான். மக்கள்நல அரசு வேணும்ங்கிறவன், 'சந்தை இருக்கட்டும், ஆஸ்பத்திரியை மட்டும் அதுகிட்ட விடாதே'ம்பான். இந்த நவதாராளவாதி வேற ரகம். அரசாங்கமே முன்னால நின்னு, ஆஸ்பத்திரிக்குள்ளயும் சந்தையைக் கொண்டு வரணும்ங்கிறான். ஒவ்வொரு ஆளும் ஒரு கடை. பக்கத்துக் கடையை முந்தணும்."

"அப்ப நான் ஒரு கடை. முதலாளியும் நானே, எடுபிடியும் நானே." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சம்பளத்தில்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

நால்வரில் கடைசி இடம் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். கீச்சுக்குரலால் 'கிளி' என்று பெயர் வாங்கியவளுக்கு மணிக்கட்டு வீங்கி, கை ஓடவில்லை. ஈரம் படாமலிருக்க அட்டைகளை ஆணியில் மாட்டியிருப்பார்கள். அக்கா தன் அட்டையை விட்டுவிட்டு அடிக்கடி கிளியின் அட்டையைத் தேய்த்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மற்ற இருவரும் அதையே செய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

மாத முடிவில் கிளி முதலிடம். மற்ற இருவரையும்விட அதிகமாக அள்ளிக் கொடுத்த அக்கா கடைசி.

மேனேஜர் கிளியைக் கூப்பிட்டு, இவ்வளவு வேகம் எப்படி என்று கேட்டார். அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு விஷயம் புரிந்து அழுதாள். "சார், அது என் கணக்கே இல்ல. நான்தான் கடைசி. என்னை அனுப்புங்க."

அக்கா உள்ளே நுழைந்தாள். "அவ பொய் சொல்றா சார். மிஷின் சொல்றதுதான் கணக்கு. நான்தான் கடைசி."

கடைசி இடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள் என்று கம்பெனி யோசித்திருக்கவில்லை. மேனேஜர் தலையைச் சொறிந்தார், யாருக்கோ போன் செய்தார். பிறகு கணக்கில் குளறுபடி என்று இரண்டு பேரையுமே அனுப்பிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி பிள்ளைகள் படிப்புக்கு என்ன செய்வாய் என்று கத்தினேன். அக்கா போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பயமாத்தான்டா இருக்கு," என்றாள். "ஆனா வாசல்வரைக்கும் கிளி என் கையை விடவே இல்ல. அவளைத் தனியா அனுப்பிட்டு நான் உள்ள நின்னிருந்தா, எந்த முகத்தோடடா மத்தவங்க எதிர நின்னு விரிப்பு மடிப்பேன்?"