ஷட்டருக்குக் கீழ பனந்துண்டு

எங்க வயலு சிதம்பரத்துக்குக் கெழக்க, கழிமுகத்துக்குப் பக்கத்துல இருக்கு. வருஷா வருஷம் கடலு ஏறிக்கிட்டே வருது. அமாவாசை, பௌர்ணமின்னா உப்புத்தண்ணி வாய்க்கால் வழியா உள்ள வந்து நெல்லைக் கருக்கிடும். அதைத் தடுக்க வாய்க்கா வாயில இரும்பு ஷட்டர் வேணும்னு மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிப் போய் மனு குடுத்த பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி. ஊரே சிரிச்சுது. ஜாஸ்தியா சிரிச்சது எங்க அக்கா வூட்டுக்காரரு, எங்க மாமாதான். "இவ கேட்டான்னு கவர்மெண்டு கடலை நிறுத்திடுமா?"ன்னு டீக்கடையில எல்லாரு காதுலயும் விழற மாதிரி சொன்னாரு.

நிறுத்துச்சே! கரையை ஒசத்துனாங்க. புது ஷட்டர் போட்டாங்க. வெளிப்பக்கம் சேத்துல அலையாத்திக் கன்னு நட்டாங்க. சக்கரத்தைச் சுத்தி ஷட்டரை ஏத்தி எறக்க ஒரு ஆளையும் போட்டாங்க. போன போகம் எங்க வயல்ல உப்பு ஏறல. அந்த நெல்லுதான் என் மவளை காலேஜ்ல சேத்துச்சு. இந்தப் போகம் போச்சுன்னா அவ படிப்பு நின்னுடும்.

மார்கழி அமாவாசை அன்னிக்கு அக்கா ஒரு தூக்குல எறாக் குழம்பு குடுத்தனுப்புனா. எங்க வூடுங்கள்ல பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டோம், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுப்போம். என்னத்தைப் போடலாம்னு யோசிச்சுக்கிட்டே ஒரு வாய் வச்சேன். எறா அன்னிக்குப் புடிச்சதாட்டம் இருந்துச்சு. காத்து ஜாஸ்தின்னு ஒரு வாரமா ஒரு போட்டும் கடலுக்குப் போகல. இவ்ளோ புது எறா எங்கேர்ந்து வந்துச்சு? வாய்க்கால்ல உப்புத்தண்ணி ஏறுனாத்தான் எறா உள்ள வரும்.

வயலுக்கு ஓடுனேன். நெல்லு பால் புடிச்சு நிக்கிது. வாய்க்கால் தண்ணியைக் கையில அள்ளி நாக்குல வச்சேன். ஒரே கரிப்பு. அங்க நின்னே, ஷட்டர் வேலையைப் பாத்த கவர்மெண்டு இன்ஜினியர் அம்மாவுக்கு போன் போட்டேன். ஞாயித்துக்கெழம, எங்க வரப்போறாங்கன்னு நெனைச்சேன். சிதம்பரத்துலேர்ந்து வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

அதுக்குள்ள ஊர் கூடிடுச்சு. ஷட்டர் ஆளு பாவம், "சக்கரம் இறுகுற வரைக்கும் சுத்துனேம்மா, மூடித்தான் இருக்கு"ன்னு அழாத கொறையா சொல்றாரு. எங்க மாமா இருக்காரே, கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "கவர்மெண்டு வேலைன்னாலே இப்படித்தான், ரெண்டு வருஷம் தாங்காது"ன்னு நியாயம் பேசுறாரு! எனக்கு வந்த ஆத்திரத்துல பொடவையைத் தூக்கிச் சொருவிக்கிட்டு தண்ணியில எறங்கிட்டேன். காலால தொழாவுனேன். ஷட்டருக்கு அடியில ஒரு பனந்துண்டு. அதனாலதான் மேல சக்கரம் இறுகியிருக்கு, கீழ சந்து விட்டிருக்கு. அந்தச் சந்துக்கு உள்பக்கம் வலை கட்டியிருந்துச்சு. யாரு வலைன்னு எனக்குத் தெரியாதா?

கயிறு கட்டி துண்டை இழுத்துப் போட்டோம், அந்த அம்மாவும் ஒரு கை புடிச்சாங்க. ஷட்டர் எறங்குச்சு. தண்ணி நின்னுடுச்சு.

மாமா கிட்ட வந்து கொரலைத் தாழ்த்தி, "நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்ல? வெளியாளுங்க முன்னாடி இப்படியா?"ன்னாரு.

"யாரு மாமா வெளியாளு? உப்பு ஏறுதுன்னதும் அவுங்க ஓடியாந்தாங்க. நீங்க வலை கட்டுனீங்க."

கவர்மெண்டு ஒண்ணும் கிழிக்காதுன்னு யாராச்சும் சொன்னா இப்போ எனக்குப் பத்திக்கிட்டு வருது. கிழிச்சுது, என் கண்ணால பாத்தேன். ஆரம்பத்துலயே செஞ்சிருந்தா எத்தனை போகம் பொழைச்சிருக்கும்னு அவுங்க மேலயும் எனக்குக் கோவம்தான். ஆனா செய்ய முடியும்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே முடியாதுன்னு சொல்றவன யாரா இருந்தாலும் வுட மாட்டேன்.

வயலு தப்பிச்சுது, மவளும் காலேஜுக்குப் போறா. வாய்க்கா ஓரத்து நெல்லு மட்டும் வெளுத்துப் பதராப் போச்சு. அதை உருவி அக்கா தூக்குல ரொப்பி, மூடி போட்டு மாமா கையிலயே குடுத்தேன். தொறந்து பாத்துட்டு, "என்னடி இது?"ன்னாரு.

"எறாவுக்குப் பதில் மொறை மாமா"ன்னேன்.