அவள் துடைத்த திருநீறு

இதை எழுத வேண்டுமென்று எத்தனையோ வருடங்களாக நினைத்திருக்கிறேன். கொப்பியை எடுத்து இரண்டு வரி எழுதுவேன், பிறகு கிழித்துப் போட்டுவிடுவேன். உள்ளதை எழுதினால் நான் நல்லவளாகத் தெரிய மாட்டேன், அந்த வெட்கம்தான். போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த பிறகுதான் கொஞ்சம் துணிவு வந்தது.

போர் முடிந்த அடுத்த வருடம் நடந்தது இது. கற்பிட்டிக்குப் போகும் வழியில், மாம்புரிக்குக் கிட்ட, கடலோரத்தில்தான் எங்கள் ஊர். வவுனியாவில் முகாமிலிருந்து விடப்பட்ட நாலு குடும்பங்கள், சொந்தக் காணியில் மிதிவெடி இருப்பதால் ஊர் திரும்ப முடியாமல், எங்கள் கோவில் பங்குக்கு வருவதாகப் பாதர் சொன்னார். கோவில் காணியில் தகரக் கூரை போட்டு நாலு சின்ன வீடுகள் கட்டத் தொடங்கினோம். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பாய், சட்டி பானை, உடுப்பு எல்லாம் வீடு வீடாகச் சேர்த்தோம். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்று பெயர் பதிகிற வேலையை என்னிடம் தந்தார்கள். பாதரே கோடு போட்டு ஒரு கொப்பியும் தந்தார்.

உச்சி வெயிலில் லொறி வந்து நின்றது. மரத்தடியில் பானையில் தண்ணீர் வைத்திருந்தோம். கடைசியாக இறங்கியவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. நான் கொப்பியோடு போய் நின்று பெயர், வயது, ஊர் கேட்டேன். வேதக்காரர்தானே என்றும் கேட்டேன். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரை அப்படித்தான் சொல்வோம். "ஓம் அக்கா" என்றாள். எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தோம்.

அவளுடைய கணவர் தடுப்பு முகாமில் இருந்தார். வெளியே விட்டால் தேடி வருவதற்கு எங்கள் கோவில் விலாசத்தைத்தான் அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். நாலாவது வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. அதுவரைக்கும் தாயும் பிள்ளையும் மறைக்கல்வி அறையில் இருந்தார்கள்.

முதல் ஞாயிறு பூசையிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. எல்லாரும் எழும்பினால் அவள் ஒரு நொடி பிந்தி எழும்புவாள். முன் வாங்கில் இருப்பவர் முழந்தாளிட்டால் அதைப் பார்த்துத்தான் முழந்தாளிடுவாள். நற்கருணை அப்பம் வாங்கப் போகவே மாட்டாள். எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்தவ கருவாட்டு வியாபாரம் செய்கிறவ, வாய் கொஞ்சம் நீளம். "பூசையில நிக்கிறதப் பாரு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி" என்று என் காதுக்குள் சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனதுக்குள் முள் குத்திவிட்டது.

அதைவிடப் பெரிய குழப்பம் செபமாலை. பின்னேரங்களில் மாதா கெபியடியில் நாங்கள் செபமாலை சொல்லும்போது அவள் ஒரு சொல்லும் பிசகாமல் சொல்வாள். அதுவும் 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்குகிற பழைய செபத்தை. எங்கள் ஊரில் எழுபது வயது தாண்டியவர்கள்தான் இப்போதும் அப்படிச் சொல்கிறார்கள். இந்தச் சின்ன வயதுக்காரிக்கு அது எப்படி வந்தது? கையிலிருந்ததும் கடையில் வாங்கிய செபமாலை இல்லை, நீல வலைநூலில் முடிச்சுப் போட்டது. பூசை தெரியாதவளுக்குச் செபமாலை மட்டும் தெரிகிறதென்றால், யாரோ பழக்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு அவள் எது செய்தாலும் எனக்குத் தப்பாகவே தெரிந்தது. பிள்ளையோடு மெதுவாகக் கதைத்தால் ஒரு சந்தேகம், யாருக்காவது கடிதம் எழுதினால் இன்னொரு சந்தேகம். பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்து, ஞானஸ்நானம் கொடுத்த பாதரைத் தெரியுமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். பிள்ளை தாயைத் தேடி ஓடிவிட்டது.

ஒரு காலை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. படுத்திருந்த பிள்ளையின் நெற்றியில் திருநீறு. என்னைக் கண்டதும் அவள் சட்டென்று குனிந்து சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். நான் பார்க்காத மாதிரி கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது சரிதான் என்ற சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, குழுவில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். காற்றில் கூரை பறந்த எங்கள் பங்குக் குடும்பம் ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது, பொய் சொன்னவளுக்கா கடைசி வீடு என்று கேட்டேன். பாதர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கதிரை கொடுத்தும் அவள் இருக்கவில்லை. பிள்ளை அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று பாதர் பதமாகக் கேட்டார்.

"லொறியால இறங்கேக்க அக்கா கேட்டவ, வேதக்காரர்தானே எண்டு. பிள்ளை அந்தப் பானையையே பாத்துக்கொண்டிருந்தவள். இல்லை எண்டு சொன்னா தண்ணி தருவீங்களோ மாட்டீங்களோ எண்டு எனக்குத் தெரியேல்ல. ஓம் எண்டிட்டன்."

செபமாலை எப்படித் தெரியும் என்று பாதர் கேட்டார்.

"பக்கத்து பங்கருக்குள்ள ஒரு வேதக்கார அம்மா இருந்தவ. செல் விழேக்க அவ சொல்லுவா, நாங்களும் சேந்து சொல்லுவம். ஒருநாள் பாதியில போயிட்டா. மிச்சத்த நாங்கதான் சொல்லி முடிச்சம்." கையிலிருந்த நீல நூலைக் காட்டினாள். "இது அவட கையில இருந்தது."

"அப்ப ஏன் நீ நற்கருணைக்கு மட்டும் வரேல்ல?"

"அது உங்கட சாமிக்குப் பொய் சொல்லுற மாதிரி, பாதர். நான் அக்காவுக்கு மட்டும்தான் பொய் சொன்னனான்."

பிறகு, தாங்கள் போய்விடுவதாகச் சொன்னாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அவர் இந்த விலாசத்துக்குத்தான் வருவார், வந்தால் தாங்கள் போன இடத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று. அந்த இடம் எதுவென்று அவளுக்கே தெரியாது.

பாதர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். அவர் போட்டுத் தந்தது நாலு கோடு. பெயர், வயது, ஊர், நோய் வருத்தம் ஏதாவது இருக்கிறதா. ஐந்தாவது கோடு பென்சிலால் போட்டிருந்தது. அதன் மேலே 'சமயம்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

முதலில் வாய் திறந்தவ கருவாட்டுக்காரிதான். "அந்த வீட்டுக்குத் தகரம் ஏத்திட்டாங்கதானே? திறப்பு யாருட்ட இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே எழும்பிப் போனா. அன்று பின்னேரமே அவளுடைய பாயையும் பானையையும் அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கூரை பறந்த குடும்பத்துக்கு எங்கள் ஆட்களே கிடுகு கொண்டுபோய் வேய்ந்து கொடுத்தார்கள். நினைத்திருந்தால் அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பத்து மாதம் கழித்து அவளுடைய கணவர் அந்த விலாசத் துண்டைக் கையில் பிடித்தபடி கோவில் வாசலில் வந்து இறங்கினார். இரண்டு வருடம் எங்களோடு இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்கோ அக்கா" என்று சிரித்தாள். ஆனால் லொறி ஏறிப் போகும் நாள்வரைக்கும், நான் எதிரே வந்தால் அவளுடைய கை தன்பாட்டில் பிள்ளையின் நெற்றிக்குப் போகும். அங்கே ஒன்றும் பூசியிருக்காத நாட்களிலும் போகும்.

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் தம்ளரைக் கையில் கொடுத்த பிறகுதான் பெயரே கேட்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். நாங்கள் வீடு கொடுத்த கதையை மட்டும் சொல்லிவிட்டு அந்த ஐந்தாவது கோட்டை விட்டுவிடாதீர்கள். செபிக்கும்போது என் நெற்றியில் சிலுவை போடுகிற ஒவ்வொரு தரமும், என்னைக் கண்டு பயந்து துடைக்கப்பட்ட அந்தச் சின்ன நெற்றிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.