பச்சை இறக்கை வாத்து

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகன் வந்திருந்தான். பேங்க் வேலை போக மிச்ச நேரமெல்லாம் பழைய பொம்மை சேர்ப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. எங்கள் வீட்டு டி.வி. பக்கத்தில் இருக்கிற தகர வாத்தை எடுத்து, கவிழ்த்து, சாவித் துளையில் மூக்கை வைத்து மோந்துகூடப் பார்த்தான். இறக்கையைத் தடவியதும் முகம் சுண்டிவிட்டது.

"அத்தை, இதுல பச்சைப் பெயிண்ட் அடிச்சது யாரு?"

"ஒரு ஸ்டவ் ரிப்பேர்க்காரர்."

"அப்படியே விட்டிருந்தா பொக்கிஷம் அத்தை. பரவால்ல, எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. பச்சையை மட்டும் பக்குவமா எடுத்துருவாரு. அடியில உள்ள மஞ்சள் வந்துரும்."

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் கூட்டி உங்களுக்கும் சொல்கிறேன்.

அவன் போனபின் நானும் மோந்து பார்த்தேன். துரு வாசனை, மிஷின் எண்ணெய் வாசனை. அதற்கும் அடியில் பாச்சை உருண்டை வாசனை இருப்பதாக எனக்குத் தோன்றியது. பாச்சை உருண்டை என்றாலே எனக்குப் பெரிய டீச்சரின் அறைதான்.

சிம்மக்கல்லில் ஒரு பழக் குடோனுக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தச் சின்ன நர்சரிப் பள்ளி. அதுதான் என் முதல் வேலை. வயது இருபத்திரண்டு. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து நெரிசலான டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவேன். நான் இறங்கிய பிறகும் முந்தானை கொஞ்ச நேரம் பஸ்ஸிலேயே இருக்கும். பள்ளியை நடத்தியவர் பெரிய டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்களிடம் தமிழ், வீட்டு ஆட்கள் வந்தால் சௌராஷ்டிரம், கோபம் வந்தால் இரண்டும் இல்லாமல் ஒரு பார்வை.

அவர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ. அதற்குள் வாத்து, ரயில், கண்ணை மூடித் திறக்கும் பொம்மை எல்லாம் இருக்கும். அவர் சிறுமியாக இருந்தபோது சிங்கப்பூர் சித்தப்பா அனுப்பியவை. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று பார்க்கலாம். சில பிள்ளைகள் பார்த்து முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஒரு நாள் பெரிய டீச்சர் கல்வி ஆபீசுக்குப் போயிருந்தார். காலையிலிருந்து மழை. அடைந்து கிடந்த பிள்ளைகளில் ஒன்று அழ, எல்லாம் அழுதன. மேஜைமேல் பீரோ சாவி இருந்தது. எனக்கு என்ன தைரியமோ, திறந்துவிட்டேன். அப்புறம் ரெண்டு மணி நேரம் அழுகைச் சத்தமே இல்லை. பிள்ளைகள் எதையும் உடைக்கவில்லை. பின்னால் பார்க்காமல் நகர்ந்து வாத்தை மிதித்தது நான்தான்.

ஆயா பேச்சியம்மா சப்பிப்போன இறக்கையைப் பார்த்துவிட்டு, "பழியப் பிள்ளைக மேல போட்ருவமா டீச்சர்?" என்றாள். ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

மூலைக்கடையில் ஸ்டவ் ரிப்பேர் செய்பவர் தட்டி நிமிர்த்தி, பற்றவைத்துக் கொடுத்தார். அந்தச் சூட்டில் மஞ்சள் பெயிண்ட் திட்டுத் திட்டாக உரிந்துவிட்டது. "ட்ரங்குப் பெட்டிக்கு அடிக்கிற பச்சைதாம்மா இருக்கு" என்றார். சரி என்றேன். பெரிய டீச்சருக்குப் பார்வை மங்கல் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

மறுநாள் அறைக்குள் போன வேகத்தில் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். வேலை போயிற்று என்றுதான் நின்றேன். வாத்தைக் கையில் எடுத்துப் பச்சை இறக்கையைத் தடவினார்.

"எட்டு வயசுல எனக்கு வந்தது இது. ஒடஞ்சிரும்னு எங்கம்மா கையில குடுக்கவே இல்ல. நானும் அப்படியே வச்சுட்டேன்" என்றார். பிறகு, "போ, பெல் அடிச்சிருச்சு" என்றார்.

பத்து நாள் என்னோடு பேசவில்லை. நான் ஒரு கை தூரத்தில் நிற்பேன், "பேச்சி, சின்ன டீச்சர்ட்ட சாக்பீஸ் இருக்கான்னு கேளு" என்பார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, பாயை விரித்து, பொம்மைகளை எல்லாம் அவரே எடுத்துப் போட்டார். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தார். ரயில் இரண்டாவது மாதம் போயிற்று. கண் மூடும் பொம்மை, மூடிய கண்ணைத் திறக்காமலே போயிற்று. ஒட்டி, பற்றவைத்து, கட்டி, முடிந்தவரை ஓட்டினோம். பெரிய டீச்சர் உடம்புக்கு முடியாமல் பள்ளியை மூடிய அன்று மிஞ்சியது வாத்து மட்டும். "மிதிச்சவளே வச்சுக்க" என்று என்னிடம் கொடுத்தார்.

அண்ணன் மகனிடம் இதைத்தான் சொன்னேன். அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம், அந்த மழை நாள் போக, விளையாடியதெல்லாம் பச்சையோடுதான். அவன் வாத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு வண்டி நிறுத்துகிறார்கள். பேச்சியம்மா மகளோடு கொட்டாம்பட்டிப் பக்கம் போனவள், அங்கேயே காலமாகிவிட்டாள். பெரிய டீச்சரைக் கடைசியாக அவர் தம்பி மகள் வீட்டில் பார்த்தேன். தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது; சௌராஷ்டிரம் மட்டும்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். புரியாமல் தம்பி மகளைப் பார்த்தேன்.

"பிள்ளைக எல்லாம் வீட்டுக்குப் போயிருச்சான்னு கேக்குறாங்க" என்றாள்.

"போயிருச்சு டீச்சர்" என்றேன்.