கழுகக்கா குறித்த படங்கள்

பன் தொழிற்சாலையில் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட்டில் ஓடி வரும் பன்களில் கருகியதையும் வேகாததையும் இருபது வருடமாக ஒன்று விடாமல் பொறுக்கிப் போட்டவள். பெயர் வைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குக் கண் மங்கி நான்கு வருடமாகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நரம்பு வாடிவிட்டது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்காரர் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார். அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்தான். அதனால் வாயைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள், பேக்கிங்கில் இருந்த நாத்தனார். கருகலை மூக்கு சொல்லிவிடும், வேகாததை விரல்நுனி சொல்லிவிடும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள். கெட்டிக்காரத்தனம் என்பார்கள். எனக்கென்னவோ அது பயம் என்றுதான் படுகிறது.

பிறகு கேமரா வந்தது. பெல்ட்டுக்கு மேலே மாட்டிவிட்டால் அதுவே பார்த்துக் கழித்துவிடுமாம். ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று முதலில் யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறாயிரம் பன் படங்கள், ஒவ்வொன்றுக்கும் நல்லது, கெட்டது என்று ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். கழுகக்கா இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்றார் மேலாளர்.

"மாட்டேன்னு சொல்லிடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"ஏன்னு கேப்பாங்களே."

ஏசி அறையில் கம்ப்யூட்டர் திரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். படத்துக்கு வாசனை ஏது? கண்ணாடியைத் தொட்டால் பன் அமுங்குமா? பழுப்பாய் ஒரு வட்டம், அது போனால் இன்னொரு வட்டம். குருட்டாம்போக்கில் தட்டினாள். ஒன்பதாம் நாள் முடித்து எழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

கேமரா ஓடத் தொடங்கிய மூன்றாம் வாரம், கருகிய பன்கள் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. பதமாக வெந்தவை குப்பைக்குப் போயிருந்தன. கேமராவைக் குறை சொல்ல முடியாது. சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருந்தது.

கேமரா மாட்டிய இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எதும்மா கருகினது?"

அவள் குனிந்தாள். நான்கு வருடப் பழக்கம், மூக்கு தானாகத் திரைக்கருகே போயிற்று. விரல் கண்ணாடியைத் தடவியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இடது பக்கம் இருக்கறது."

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"ரெண்டும் ஒரே படம்தாம்மா."

குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். பெல்ட்டுக்குக் கூட்டிப்போகும்படி கெஞ்சினாள். கையில் எடுத்தால் ஒன்றுகூடத் தப்பாது என்றாள். அது சத்தியமான வார்த்தை. ஆனால் பெல்ட்டைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி அடைத்து மூன்று வாரமாகியிருந்தது. கை நுழைய அதில் இடம் விட்டிருக்கவில்லை.

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை, அந்த ஆறாயிரம் படங்களையும் முதலிலிருந்து குறிப்பதற்கு, அதே நாற்காலியில் நாத்தனாரை உட்கார வைத்தார்கள்.