துணி காயும்வரை நிற்கும் வரிகள்

எங்கள் ஒஸ்லோ குடியிருப்பின் மேல்மாடியில் ஒரு செர்பியப் பெண் கவிஞர் இருந்தார். காலையில் முதியோர் இல்லத்தில் வேலை. பின்னேரம் நிலவறைச் சலவை அறையில் துணி காயப்போட்டபடி வரிகளை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். துணி காய்ந்த பின்பும் நினைவில் நிற்பவற்றை மட்டுமே எழுதுவார்.

ஒருநாள் பள்ளி முடிந்து மகள் வீடு வரவில்லை. பதறித் தேடிப்போய் அவளை அந்தச் சலவை அறையில்தான் கண்டேன். அவளும் கவிஞரும் ஈரப் போர்வையொன்றை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு ஃபோன் எதுக்கு வாங்கித் தந்தனாங்கள்?"

"கத்தாதேங்கோ அம்மா, அவவுக்கு வரி மறந்துபோடும்."

மகள் அதை நோர்வே மொழியில் பெயர்த்துச் சொல்ல, கவிஞர் சிரித்தபடி அதே மொழியில் சொன்னார்: "மறந்தால் அது நல்ல வரியில்லை. பெல்கிராட்டில் என் அம்மாவும் இப்படித்தான் கத்துவாள். வாருங்கள், இந்த முனையைப் பிடியுங்கள்."

பிடித்தேன். மூவருமாகப் போர்வையை உதறிக் கொடியில் போட்டோம்.

கவிஞர் பின்னர் ஊர் திரும்பிவிட்டார். மகள் பிந்தும் நாட்களில், தேடிப்போக எனக்கு இப்போது ஓர் இடமும் இல்லை.