விசாரிக்க வந்தவர்கள்

என் மகன் போய் வருஷம் திரும்பிவிட்டது. சென்ற வாரம் திதி கொடுத்தோம். மருமகள் காலையில் வந்து எல்லாக் காரியத்திலும் கூட நின்றாள். மதியம் பந்தி போடும்போது சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். ஏன் போகிறாள் என்று உறவினர்கள் என் மனைவியைக் கேட்டார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குடம் இருந்த பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் வேளாண்மை படித்தவன். இந்த மாவட்டத்தின் பல ஒன்றியங்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, பாலக்கோட்டுப் பக்கம் சொந்த ஊரில் தக்காளி போட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிடுவார்கள். கணவனை இழந்த பெண்கள் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று மைக்கைப் பிடித்துப் பலமுறை பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் நான் பொய் பேசவில்லை. அப்போது என் வீட்டில் அப்படி ஒரு பெண் இல்லை, அவ்வளவுதான்.

ஆடி மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று மகனின் பைக் மேல் ஏறியது. கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை. அஸ்தியைக் கரைக்க ஒகேனக்கல் போனோம். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கரையில் கடைகளில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு எனக்குப் பசித்தது. மகனின் சாம்பல் கையில் ஒட்டியிருக்கும்போது பசிக்கிறதே என்று என்னை நானே வெறுத்தேன். பிற்பாடு மருமகள் மேல் வந்த வெறுப்பும் இதே ஊற்றிலிருந்துதான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அவளுடைய பெற்றோர் கூட்டிப்போக வந்தார்கள். அவள் போகவில்லை. "இங்கயே இருக்கேன் அத்தை. ஆனா சும்மா ஒக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்று என் மனைவியிடம் சொன்னாள். தெரிந்தவர்களிடம் பேசி, ஓசூரில் ஒரு கம்பெனியில் நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். விடியுமுன் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே கம்பெனி. இருவரும் செல்போன் வெளிச்சத்தில் பேசிக்கொண்டே நடந்து போவார்கள். மகனின் டிபன் பாக்ஸில்தான் அவள் சாப்பாடு எடுத்துப்போவாள். "சார் மருமவளை மகளாட்டம் வச்சிருக்காரு" என்று ஊரில் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தோட்டத்தில் இருந்த எனக்குக் கேட்டது. வாசலுக்கு வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாள். எனக்காக மாற்றிக்கொண்டாள் என்று புரிந்தது. நியாயமாக எனக்கு வலித்திருக்க வேண்டும். எனக்குத் திருப்தியாக இருந்தது. மறுநாளிலிருந்து பஸ் வரும் நேரத்துக்குத் தோட்டத்தின் அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்தது.

பிறகு ஒருநாள், மண் பரிசோதனை விஷயமாகப் போவதாக மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு ஓசூர் போனேன். கம்பெனி வாசலுக்கு எதிரே நின்றேன். ஷிப்ட் முடிந்து கூட்டம் கூட்டமாகப் பெண்கள் ஒரே நிற யூனிபார்ம் கோட்டு போட்டு வெளியே வந்தார்கள். அவளைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பானிபூரி வண்டி அருகில் நின்றிருந்தாள். கண்ணாடி போட்ட ஒருவன் தட்டை நீட்டினான். வாயில் பூரியை வைத்துக்கொண்டே சிரித்தாள். நான் பார்த்தது இவ்வளவுதான். ஊர் திரும்பும்வரை அந்தச் சிரிப்பைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

தை மாதம் மனைவி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"கம்பெனியில ஒரு தம்பி நம்ம புள்ளையைக் கேக்கறாராம். பொம்மிடிப் பக்கம். சம்சாரம் பிரசவத்துல தவறிருச்சாம். அவங்க பெரியவங்க வந்து விசாரிச்சுட்டு அப்பறம் நம்மகிட்டப் பேசுவாங்களாம். எதுன்னாலும் வருஷம் திரும்புனப்பறம்தான்."

"அவ என்ன சொல்றா?"

"மாமா சரின்னா சரிங்கறா."

"எனக்கென்ன, நான் மேடையிலயே பேசறவன்."

"மேடையில பேசுனதெல்லாம் இருக்கட்டும். அவகிட்ட வூட்டுல ஒரு வார்த்தை பேசுங்க."

பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

சில நாள் கழித்து, தலையில் துண்டும் மடித்துக் கட்டிய லுங்கியுமாகச் சேற்றில் நின்று சொட்டுநீர்க் குழாயின் அடைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவர் என் வயதுக்காரர்.

"பெரியவரே, இந்த ஊருங்களா?"

"ஆமாங்க."

"அக்ரி ஆபீசரா இருந்தவரு வூடு எதுங்க?"

"எதுக்குங்க?"

"நல்ல காரியந்தாங்க. அவரு மருமவ ஒண்ணு கம்பெனிக்குப் போவுதே, பையன் ஆக்சிடென்ட்டுல போயிட்டானாமே. புள்ள எப்படிங்க? கொணமெல்லாம்?"

வண்டி ஓட்டியவர் சிரித்தார். "மாமனாரு ரொம்பப் படிச்சவராம். நம்மளை ஒக்கார வெச்சுப் பேசுவாரா, பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெப்பாரா, அதையும் கேளு மாமா."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "நான்தாங்க அந்த மாமனாரு, வாங்க வூட்டுக்கு" என்றிருந்தால் அங்கேயே எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. பானிபூரி வண்டி அருகே பார்த்த சிரிப்பும் கூடவே வந்தது. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தேன்.

"அடுத்த வூட்டு வம்பு நமக்கெதுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குழாய்ப் பக்கம் குனிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்களிடம் யாரும் ஒரு பெண்ணைப் பற்றி நேராகக் கெட்டது சொல்ல மாட்டார்கள். பாவம் வரும் என்று பயம். இப்படித்தான் சொல்வார்கள். கேட்பவருக்கு அதுவே போதும். என் மகனுக்குப் பெண் தேடிய காலத்தில், அரூர்ப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்காரர் இதே வார்த்தையைச் சொல்ல, அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தவன் நான். அதன் எடை தெரிந்தேதான் சொன்னேன்.

பெரியவர் வண்டி ஓட்டியவரின் தோளைத் தட்டினார். "புரிஞ்சுதுங்க" என்றார். "நீங்க சொன்னதா வெளிய வராது. புண்ணியமாப் போவுது." ஊருக்குள் வராமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே மருமகள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடி, "வேணாம்னுட்டாங்களாம் மாமா" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"போவட்டும் உடும்மா. நாங்க இருக்கறோம்" என்றேன். அதைச் சொல்லும்போது என் மனம் நிறைந்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதிப் பயனில்லை.

அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. விட்டிருந்தால் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஊரில் யாரோ சரியாகச் சொல்லவில்லை என்ற சேதி கம்பெனியில் அவள் காதுக்கு வந்தது. விஷயம் தெரிந்த வெளியாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான். அவள் மேல் சந்தேகம் விழுந்தது. இருவரும் பஸ்ஸுக்குத் தனித்தனியாக நடந்தார்கள். சித்திரையில் ஒருநாள் பஸ்ஸுக்குள்ளேயே வாய்ச்சண்டையாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பெண் கையில் சூடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"நானாடி உன்னைப் பத்தித் தப்பாச் சொன்னேன்? தெனம் என் தோளு மேல தூங்கி எச்சி ஒழுக உட்டுக்கிட்டு வருவியே, என்னைக்காச்சும் உன் தலையைத் தள்ளி உட்டனா?"

"உள்ள வந்து பேசும்மா" என்றாள் என் மனைவி.

"மாட்டேன் அத்தை. வாசல்லயே முடிச்சுக்கறேன்."

துணி துவைக்கிற கல்லில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தாள். "நான் சொல்லியிருந்தா என் ரெண்டு புள்ளைங்களும் எனக்கில்லை" என்று எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தாள். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைகள் மேல் சூடம் அடித்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க, நான் அப்படிச் சொல்றவளா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் எனக்குக் கும்பிடு போட்டாள். குவித்த கையில் கரி அப்பியிருந்தது. மருமகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு பெண் தன் பிள்ளைகளைப் பணயம் வைத்து, நான் செய்த காரியத்துக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போகிறாள். நான் அவளுக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் பொம்மிடிக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன், ரயில் நிலையத்துக்குப் பின்னால் அந்தப் பையனின் வீடு. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "அட, தக்காளித் தோட்டத்துப் பெரியவரு! வாங்க, வாங்க. ஏம்மா, நம்மளைக் காப்பாத்துனாரே, அவரு வந்திருக்காரு, டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். டீ வந்தது. நான் யார் என்பதைச் சொன்னேன்.

பையனின் தாய் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"மகளாட்டம் வச்சிருக்கறதா எங்க பையன் சொன்னான். வச்சிருந்த லட்சணம் இதுதானுங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "பங்குனியிலயே வேற எடத்துல நிச்சயம் பண்ணிட்டோங்க. இனி அந்தப் பொண்ணையும் பாவத்துல தள்ள முடியுமா? ஒரு பாவம் போதாதுங்களா?" என்றார். டீ அப்படியே இருந்தது. எடுத்துக் குடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, மனைவியையும் வைத்துக்கொண்டு மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மருமகள் அழவில்லை.

"அவ கையில இன்னும் கொப்புளம் ஆறலை" என்றாள்.

எழுந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் நானும் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் கதவைப் பாதி திறந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "சரிங்க" என்று கதவைச் சாத்தினாள். அந்த மாதக் கடைசியில் மருமகள் ஓசூரில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மகனின் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மனைவி இப்போது சாப்பிடக் கூப்பிடுவதற்கு மட்டும் என்னிடம் பேசுகிறாள்.

திதியன்று மருமகள் கிளம்பியபோது நான் பின்னாலேயே ரோடு வரை போனேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே அவள் பேசினாள். மாமா என்று கூப்பிடவில்லை.

"இனிமேலும் என்னைப் பத்தி யாராவது வந்து கேப்பாங்க. கேக்காம இருக்க மாட்டாங்க. நீங்க நல்லதும் சொல்ல வேணாம், கெட்டதும் சொல்ல வேணாம். நீங்க யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. மீதியை அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

தலையை ஆட்டினேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

தோட்டத்தில் இறங்கும்போது இப்போது நான் தலைக்குத் துண்டு கட்டுவதில்லை. ரோட்டில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் வேலையை விட்டு நிமிர்ந்துவிடுகிறேன். இதுவரை நின்றவர்கள் எல்லாம் தக்காளி என்ன விலை என்று கேட்கத்தான் நின்றார்கள்.